மல்லிகாவும் அரைக் கவிதையும்

மல்லிகா போய்விட்டாள். காலையில் திண்டிவனத்திலிருந்து அவள் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே... வலி எதுவும் இல்லாமல்.

எண்பதுகளில் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நானும் அவளும் ஆபரேட்டர்கள். அடுத்தடுத்த நாற்காலி. அவள் சிரித்தால் டிரங்க் காலில் பேசுபவருக்கே கேட்கும். சூப்பர்வைசரிடம் திட்டு மட்டும் எனக்கு!

ஒருநாள் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினோம். பொட்டலத் தாளில் கடல் அலையைப் பற்றி ஒரு கவிதை. பாதி கிழிந்திருந்தது, எழுதியவர் பெயரும் போயிருந்தது. மிச்சம் இவ்வளவுதான்...

கரை திருப்பி அனுப்பிய அலை
கோபித்துக்கொண்டு கிடப்பதில்லை.

"நெஜமானு பாத்துட்டு வந்துடலாம், வாடி" என்றாள். அடுத்த லீவில் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம். புடவை நனைய நின்று பார்த்துவிட்டுக் கத்தினாள்: "ஏய், கரெக்டாத்தான்டி எழுதிக்கிறான்!" சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அதுதான் அவளுக்கு வேதம். லைன் கிடைக்காமல் யாராவது எரிந்து விழுந்தால், "இருங்க சார், மறுபடி போட்டுப் பாக்கறேன்" என்பாள், பாடுகிற மாதிரி. டிபார்ட்மென்ட் பரீட்சையில் ஃபெயிலான அன்று எங்களுக்கெல்லாம் காபி வாங்கித் தந்தாள். "அடுத்த தபா எழுதுனா போச்சி."

நிஜமான பரீட்சை பிறகுதான் வந்தது. எங்கள் லைன்மேன் பீட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சொந்த ஊரான கெடாரில் அவள் அப்பா, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் மட்டும் அழுதாள்... ஹெட்போனைக் கழற்றாமலேயே. ஞாயிற்றுக்கிழமை கெடார் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இவள் தலையைப் பார்த்ததும் அப்பா கொல்லைப்பக்கமாகக் கழனிக்குப் போய்விடுவார். வாசலில் நின்றே அம்மாவிடம் பேசிவிட்டு, "போய்ட்டு வர்றேம்ப்பா! அடுத்த வாரமும் வருவேன்!" என்று கழனிவரைக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள். நடவில் ஆரம்பித்தது. அறுப்பே வந்துவிட்டது.

அப்படி ஒரு ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். அப்பா வாசலில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை.

"வாராவாரம் வந்துக்கினு... உன்னோட ஒரே பேஜாராப் போச்சி" என்றார். மல்லிகா சிரித்துக்கொண்டே நின்றாள்.

"எங்க அந்த ஆளு?"

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறாருப்பா. வாராவாரம் கூடத்தான் வர்றாரு... உள்ள வரத்தான் பயம்."

எனக்கே அது அன்றுதான் தெரியும்!

அப்பா நெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு வெயில்ல நிக்க வெச்சிக்கினு இருக்கிற? ஜல்தியா கூட்டினு வா. சோறு ஆறுது."

செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

பிற்பாடு மாமனாரும் மருமகனும் கூட்டணி சேர்ந்து அவளையே கிண்டல் செய்தார்கள். அதற்கும் அவள்தான் முதலில் சிரிப்பாள்.

எக்ஸ்சேஞ்ச் தோழிகள் எல்லாரும் உன்னைப் பார்க்க ஒரே வேனில் திண்டிவனம் வருகிறோம். ஆளுக்கொரு கதை... எல்லாம் உன்னுடையது. டிரைவர்கூட சிரிக்கிறார்.

விக்கிரவாண்டி தாண்டிவிட்டோம். இதோ வந்துவிட்டோம், மல்லிகா.