யாமினியின் முதுகில் இல்லாத கை

1. விழாமலே வந்த பயம்

விளையாட்டு விடுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது யாமினி ஃப்ளிக் அடிப்பதை நிறுத்திவிட்டாள். மேட் நடுவில் வந்து நிற்பாள், கையைத் தூக்குவாள், முழங்காலை மடக்குவாள், அப்படியே நிற்பாள். அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டு, "வரல மேடம்" என்பாள். மறுநாளும் அதே கதைதான்.

ஃப்ளிக் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகக் குதித்து, கையை ஊன்றி, கால் தலைக்கு மேலே சுற்றி வந்து மறுபடி நிற்பது. புத்தகத்தில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் என்று போட்டிருக்கும். போகிற இடம் கண்ணுக்குத் தெரியாது, அதில் கஷ்டமே அதுதான். விடுதித் தேர்வில் அது கட்டாயம். மற்றதையெல்லாம் எவ்வளவு அழகாகச் செய்தாலும், அது இல்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

திருத்தணியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் முப்பது வருஷம் பிடி டீச்சர். அது எனக்குக் கடைசி வருஷம். நான் போனதும் எங்கள் தகர ஷீட் ஹாலில் ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்காது, உடைந்த பெஞ்சுதான் இருக்கும். யாமினிக்குப் பதினொரு வயது, பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். விடுதியில் இடம் கிடைத்தால் தொடர்வாள். கிடைக்காவிட்டால் என்னோடு சேர்ந்து அவளும் ரிட்டயர்டு.

விழுந்தாளா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். விழவில்லை. ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல். விழாத பிள்ளைக்குப் பயம் எங்கிருந்து வந்தது?

2. ஆளுக்கொரு வைத்தியம்

எங்கள் தலைமையாசிரியை காலைப் பிரேயரில் யாமினியை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்தி, தைரியத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். மைக்கில் பேசினால் தைரியம் காது வழியாக இறங்கிவிடும் என்று நம்புகிற ரகம் அவர். பள்ளிக்கூடமே கைதட்டியது. பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் கையைக்கூடத் தூக்கவில்லை.

சயின்ஸ் டீச்சர் செல்போனில் ஒரு வெளிநாட்டு வீடியோ கொண்டுவந்து காட்டி, கண்ணை மூடி மூச்சை இழுத்து வெற்றியைக் கற்பனை செய்யச் சொன்னார். கரப்பான்பூச்சி வந்தால் ஸ்டாஃப் ரூம் மேஜைமேல் ஏறி நிற்கிறவர் அவர். சென்னையில் பெரிய கோச் ஒருவர் இருக்கிறாரே என்று போன் போட்டேன். "ரெண்டு போடுங்க மேடம், தானா போவும்" என்றார். இவருக்கெல்லாம் சுவர் முழுக்க மெடல்.

யாமினியின் அப்பா முனிகிருஷ்ணன் மட்டும் என்னிடம் ஒன்றும் பேசாமல், கிருத்திகை அன்று பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போய் விபூதி வைத்து, மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி அனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நேராகச் சாமியிடம் போனவர் என் வேலையில் மூக்கை நுழைக்கவில்லை.

என் வைத்தியம் மட்டும் என்ன வாழ்ந்தது? சாக்லேட் கொடுத்துப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். அவளைவிடச் சின்னப் பிள்ளை ஒருத்தியை ஃப்ளிக் அடிக்கச் சொல்லி, "பாரு, இதுவே பண்ணுது" என்று குத்திக் காட்டினேன். இதைவிட மட்டமான வேலை கிடையாது. ஆனால் நாங்கள் எல்லோரும் செய்வோம்.

3. எங்கள் தொழிலின் பழைய பித்தலாட்டம்

ஃப்ளிக் கற்றுக்கொடுக்கும்போது பிடி டீச்சர்கள் நாங்கள் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையை இடுப்புக்குப் பின்னாலும் ஒரு கையைத் தொடைக்குக் கீழேயும் கொடுப்போம். இதை ஸ்பாட்டிங் என்போம். முதலில் பிள்ளையின் முழு கனமும் நம் கையில்தான். நாளாக ஆக அவள் தன் காலால் எழும்பத் தொடங்குவாள், நம் கைக்கு வேலை குறையும்.

அப்புறம் ஒரு நாள் கையை எடுத்துவிடுவோம். சொல்ல மாட்டோம். "புடிச்சிகினுதான் இருக்கேன், போ" என்போம். கை காற்றில் இருக்கும். பிள்ளை போய்வந்து நிற்கும். ஒரு வாரம் இப்படி ஓட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் "கை இல்ல!" என்று கத்துவோம். எங்கள் ஹாலில் அது ஒரு திருவிழா. பிள்ளைகள் எல்லாம் "கை இல்ல, கை இல்ல" என்று குதிக்கும். அந்தப் பிள்ளையும் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கும். எனக்கு என் டீச்சர் இப்படித்தான் செய்தார். இது பித்தலாட்டம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை, திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாமினிக்கும் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை "கை இல்ல" கொண்டாடினோம். அவள் நின்றுபோனது புதன்கிழமை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதுவும் நானாகப் பார்க்கவில்லை.

4. சுவிட்சில் கை வைத்த மனிதர்

ஒரு நாள் பயிற்சி முடிந்து, அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக மேட் சுருட்டிக்கொண்டிருந்தோம். பத்தாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டேன். விழல, அடிபடல, அப்புறம் என்னதாண்டி பயம்?

"பயம் இல்ல மேடம். கை வெச்சிகினு இருக்கேன்னு சொன்னீங்க. வெக்கல."

"அதனாலதானே நீயே பண்றேன்னு தெரிஞ்சுது?"

"உங்களுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியல. இப்ப நீங்க என்னா சொன்னாலும் எது நெஜம்னு தெரியல. கால் எழ மாட்டுது." சுருட்டிய மேட்டைக் காலால் நெட்டிவிட்டுச் சொன்னாள், "எங்க நைனா தறி போடறதுன்னாகூட சொல்லிட்டுதான் போடுவாரு."

எனக்குச் சுருக்கென்றது. வாயாடி என்று திட்டி பஸ்ஸுக்கு அனுப்பினேன். வேறு என்ன செய்வேன், முப்பது வருஷ சர்வீஸ் ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்ப்பேட்டைக்குப் போனேன். அப்பாவிடம் பேசத்தான் போகிறேன் என்று எனக்கு நானே ஒரு சாக்கு. வீட்டுக்குள் நாலு பவர்லூம். ஒரு தறி நின்றிருந்தது. யாமினியின் அம்மா பாவு நூலுக்குள் கையை விட்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். முனிகிருஷ்ணன் சுவிட்சில் விரல் வைத்தபடி "போடறேன்" என்று குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. மற்ற மூன்று தறியின் சத்தத்தில் கேட்கவில்லை போல. அவர் விரலை எடுத்துவிட்டு, தறியைச் சுற்றி வந்து மனைவியின் முகத்துக்கு நேரே நின்று மறுபடி சொன்னார். அந்தம்மா கையை வெளியே எடுத்து, "ஆங், போடு" என்ற பிறகுதான் திரும்பிப் போய் சுவிட்சைத் தட்டினார்.

கை உள்ளே இருக்கிறதா என்று அவரே பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் சொல்லாமல் போடவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம்தான் நான் "புடிச்சிகினுதான் இருக்கேன்" என்று கதை விட்டிருக்கிறேன்.

5. வாணாம்

திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்து, யாமினியிடம் நான் பொய் சொன்னேன், அது தப்பு என்று சொன்னேன். இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு முகம் காந்தியது. யாமினி சிரிக்கவில்லை.

புது ஏற்பாடு அவள் வீட்டு ஏற்பாடுதான். "வெக்கறேன்" என்று சொல்லிக் கை வைப்பேன். அவள் "ஆங்" என்றால்தான் அடுத்த வேலை. "எடுக்கட்டா?" என்று கேட்பேன். அவள் "வாணாம்" என்றால் எடுக்க மாட்டேன். மறுபடி முதல் நாள் பாடத்திலிருந்து ஆரம்பித்தோம், முழு கனமும் என் கையில். ஐந்தாறு நாளில் அவள் கால் தானாக எழும்ப ஆரம்பித்துவிட்டது. என் கை சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் "வாணாம்" என்றாள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. தலைமையாசிரியை தினம் வந்து வாசலில் நின்று, "என்ன டீச்சர், எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். உண்மையைச் சொல்கிறேன், என் கை அரித்தது. ஒரு அங்குலம் விலக்கினால் போதும், அவளுக்குத் தெரியவே தெரியாது. வேலை முடிந்துவிடும். முப்பது வருஷப் பழக்கம் லேசில் போகுமா? ஒரு தடவை விரல்களை விலக்கியே விட்டேன். நல்லவேளை, அவள் குதிப்பதற்கு முன்னால் மறுபடி வைத்தேன். அந்த ஒரு நொடி என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, அது தலைமையாசிரியைமீதுகூட எனக்கு வந்ததில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை "எடுக்கட்டா?" என்றதற்கு, "ஆங்" என்றாள். எடுத்தேன். அவள் போகவில்லை.

"தள்ளிப் போங்க மேடம். கிட்ட இருந்தா வெக்கறீங்களோன்னு இருக்கும்."

நான் எழுந்து சுவரோரம் போய் நின்றேன். யாரும் கைதட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவள் ரொம்ப நேரம் நின்றாள். ஒருமுறை கையைத் தூக்கிவிட்டு இறக்கினாள். மறுபடி தூக்கினாள். போனாள். கை ஊன்றியது, கால் சுற்றியது, நின்றாள். நின்றதும் முதல் வேலையாகத் திரும்பி, நான் சுவரோரம்தான் இருக்கிறேனா என்று பார்த்தாள்.

6. தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வு நடந்த இடத்தில் உதவிக்கு இருந்த ஒருவர், யாமினியின் சின்ன உருவத்தைப் பார்த்துவிட்டுத் தானாக மேட்டுக்குப் பக்கத்தில் வந்து, "நான் புடிச்சிக்கறேன் பாப்பா, தைரியமா போ" என்றார். யாமினி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அவ சொன்னா தள்ளி நில்லுங்க சார்" என்றேன். ஃப்ளிக் அடித்து இறங்கும்போது ஒரு அடி தடுமாறினாள். ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வரும் பிடி டீச்சர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பாடம்தான். பிடிக்கிறேன் என்று சொன்னால் பிடியுங்கள். எடுத்தால் சொல்லிவிட்டு எடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். மீதி எல்லாம், மைக், வீடியோ, மூச்சுப் பயிற்சி எல்லாம், பெரியவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்வதற்கு.

இத்தோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. "கை இல்ல" கொண்டாடிய அடுத்த வாரமே வயிற்றுவலி, டியூஷன், அம்மா வேண்டாம் என்றார்கள் என்று ஹாலுக்கு வராமல் நின்றுபோனவர்கள் யாமினிக்கு முன்னாலும் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நான் ஒரு பெயர் வைத்து மறந்துவிட்டேன். அதில் ஒருத்தி தேன்மொழி. இப்போது மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்கும் கடை வைத்திருக்கிறாள், ஏழாவது படிக்கும்போது நின்றவள். போய்க் கேட்டேன், அன்றைக்கு ஏன் வராமல் போனாய் என்று.

"பயந்தாங்கொள்ளின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றாள், தேங்காயை அடுக்கிக்கொண்டே. "நானும் அதான்னு நெனச்சிகினேன். எங்க வூட்டுக்காரரு எத்தினியோ வாட்டி சொல்லிட்டாரு, இன்னி வரைக்கும் ஸ்கூட்டிகூட கத்துக்கல."

அங்கேயே நின்று, நடந்தது என்ன என்று அவளுக்குச் சொன்னேன். கை இல்லாததையும், இருக்கிறது என்று சொன்னதையும். தட்டு கேட்டு வந்த இரண்டு பேர் காத்து நின்றார்கள். தேன்மொழி கடைசி வரை கேட்டாள்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றாள்.