பின் சீட்டின் நீளம்

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து நான் ஊர் திரும்பியபோது அக்கா இல்லை. பிரசவ வலி எடுத்து, திருமழபாடிப் பக்கத்திலிருந்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டு போயிருக்கிறார்கள். அடைமழை. கரிசல் மண்ணில் சக்கரம் இறங்கிவிட்டது. வண்டியைத் தூக்கி விடுவதற்குள் அவள் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போனது. மூத்தது ஒரு பெண் குழந்தை மட்டும் மிச்சம்.

மச்சானுக்கு நிலத்துக்கோ நெல்லுக்கோ குறைவில்லை. அவள் இருக்கும்போதே ஒரு கார் வாங்கியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அவர் ஒரு நாள் வந்து, "பெரம்பலூர்ல பெரிய வூட்டுக் கார் ஒண்ணு வெலைக்கு வருதாம் மாப்ள. நீ பட்டாளத்துல லாரி ஓட்டுனவன். வந்து பாத்துச் சொல்லு" என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"இப்ப எதுக்குங்க கார்?"

"வேணும்" என்றார்.

பஸ் பிடித்துப் பெரம்பலூர் போனோம். காரின் சொந்தக்காரர் காலமாகிவிட்டார். குடும்பத்தார் மெட்ராஸுக்குப் போய்விட்டதால் வீட்டுக் காரியஸ்தர்தான் கொட்டகையைத் திறந்து காட்டினார். அமெரிக்கா கார். கறுப்பு நிறம், நீளமான மூக்கு, தோல் சீட். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு காரை அப்போது அதிகம் பார்க்க முடியாது.

"கோயிலுக்கும் கச்சேரிக்கும் போனதோட சரி. வேற ஓட்டமே கெடையாது" என்றார் காரியஸ்தர். போலீஸ் ஆபீசில் பிரேக் சோதித்துக் கொடுத்த சீட்டுகளை எடுத்து நீட்டினார். யுத்தத்துக்கு முந்திய சீட்டுகள் ஒழுங்காக இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"நடுவுல சில வருஷம் காணுமே?"

"யுத்த காலம் தம்பி. பெட்ரோல் ஏது? சும்மா நின்னுச்சு."

நான் காரின் பின்பக்கம் போனேன். பம்பருக்கு மேலே வரிசையாகத் துளைகள், மக்கு வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தது. கரி வாயு அடுப்பு மாட்டிய துளைகள். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்ஸெல்லாம் கரியை எரித்து வரும் அந்த வாயுவில்தான் ஓடின. இந்தக் காரும் சும்மா நிற்கவில்லை. அந்தக் கரித்தூள் என்ஜினை அரித்துத் தின்றுவிடும். பானெட்டைத் திறந்து, பழந்துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தேன். என்ஜின் பிளாக்கில் கையளவு நீளத்துக்கு ஒரு விரிசல். ஏதோ பூசி, மேலே கறுப்பு அடித்து மறைத்திருந்தார்கள்.

மச்சானிடம் சொல்லத் திரும்பினேன். அவர் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த சீட்டில் படுத்திருந்தார். காலை நீட்டிப் பார்த்தார். முழங்காலைக் கொஞ்சம் மடக்க வேண்டியிருந்தது. அவர் உயரமானவர்.

"ஒரு பொம்பள நல்லா படுக்கலாம்" என்றார்.

அதுவரை எனக்குள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். "வேணாங்க மச்சான். என்ஜின் வெடிச்சிருக்கு. பக்கத்துல ஓடும். தூரம் போனா சூடேறி நின்னுடும்."

"மாத்த முடியாதா?"

"புது பிளாக் வேணும். இப்ப எங்க கெடைக்கும்?"

"தேடுவோம். வேற கார் மட்டும் எங்க கெடைக்குது?" என்றார். அன்றே பேசி முடித்துவிட்டார்.

நான்தான் ஓட்டி வந்தேன். ஆறு, குளம் என்று தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி ரேடியேட்டரில் ஊற்றி, ஒரு வழியாக ஊர் சேர்த்தேன். பிளாக்குக்குத் திருச்சியில் சொல்லி வைத்தோம். வரவில்லை. மச்சான் தினமும் காலையில் காரைத் துடைப்பார். குழந்தை ஹாரனை அமுக்கி விளையாடும்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், தெருக்கோடியில் குடியிருந்த ஒருவர் ஓடி வந்தார். அவர் பெண்சாதிக்கு விடிந்ததிலிருந்து வலி, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். மச்சான் என்னைப் பார்த்தார். முடியாது என்று எப்படிச் சொல்வது? குடங்களில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

பாதி வழி நன்றாகத்தான் வந்தது. பிறகு நீராவி கிளம்பியது. இரண்டு தடவை நிறுத்தி ஆற வைத்தேன். கல்லங்குறிச்சிக்கு முன்னால் என்ஜினுக்குள் படாரென்று ஒரு சத்தம், அதோடு நின்றது. பூசியிருந்தது பெயர்ந்து, தண்ணீரெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டது. அந்தப் பெண் பின்சீட்டில் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மச்சான் ரோட்டின் நடுவில் போய் நின்று, கடலை மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டியை மறித்தார். மூட்டைகளை அவரே இழுத்துத் தரையில் தள்ளினார். அவளைத் தூக்கி அந்த வண்டியில் கிடத்தினோம். மாடுகளோடு மாடாக அவரும் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது.

மறுநாள் அவள் புருஷன் வந்து, "கார் இல்லாட்டி அவளும் தங்கியிருக்க மாட்டாளுங்க. முக்காவாசி தூரம் கொண்டாந்து சேத்துட்டீங்களே" என்று கும்பிட்டார். மச்சான் உள்ளே போய்விட்டார்.

காரை மாடு கட்டி இழுத்து வந்தோம். சில மாதம் கழித்து லால்குடியிலிருந்து ஒருவர் அதை விலைக்குக் கேட்டு வந்தார். மச்சான் அவரைக் கூட்டிப்போய் விரிசலைக் காட்டினார், அடைத்த துளைகளைக் காட்டினார். "அரியலூர் போற வழியில நின்னுடுச்சு. ஒரு புள்ள செத்துச்சு. பாத்துக்குங்க" என்றார். நாங்கள் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் வந்தவர் போனார்.

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் கார் நின்ற கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் ஊர் திரும்பிய நாளிலிருந்து அக்காவைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"அன்னிக்கு வண்டியில அவ தண்ணி கேட்டா மாப்ள" என்றார் திடீரென்று. "குடுக்கக் கூடாதுன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. நான் குடுக்கல. மழ கொட்டிக்கிட்டிருக்கு, கைய நீட்டினா தண்ணி. நான் குடுக்கல."

அவர் அழவில்லை. வீட்டுக்குள்ளிருந்து குழந்தை பசிக்கிறது என்று கூப்பிட்டது. எழுந்து அதற்குச் சோறு போடப் போனார்.