யோர்தான் தண்ணீரும் கொசுவலையும்

எங்கள் சபையில் கமிட்டி கூடி எதையாவது தீர்மானித்தால், அந்த வேலையை யார் தலையில் கட்டுவது என்பது கூட்டம் தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கும். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் நான். வீடும் சபையின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. போதாததற்கு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் காலை ஷிஃப்ட் மட்டும் பார்க்கிறேன் என்பதால், மத்தியானத்துக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன் என்று எல்லோருக்கும் ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். ஆப்பிரிக்காவில் மலேரியாவால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் படும் பாட்டைத் திரையில் படம் போட்டுக் காட்டினார். கொசுவலை வாங்கி அனுப்பப் பணம் திரட்டும்படி கேட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது என் மகள் மாசமாக இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. படியேறக் கூடாது, பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பள்ளிப்பட்டில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து முன்கூட்டியே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று தினமும் ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

பணம் திரட்டப் பிரியாணிப் பொட்டலம் விற்பது என்று தீர்மானமானது. அதில் முட்டை முழுசாக வைப்பதா, பாதியாக வெட்டி வைப்பதா என்று கமிட்டி இரண்டு வாரம் விவாதித்தது. மலேரியாவைப் பற்றி இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. கடைசியில் பாதி முட்டை ஜெயித்தது. சனிக்கிழமைதோறும் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில், கொசுப் படம் வரைந்து அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றது யார்? நான்தான். வடக்கேயிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அட்டையைப் பார்த்தார்.

“அக்கா, இங்க கூட கொசு ரொம்ப இருக்கு” என்றார்.

“அது வேற கொசு தம்பி, இது வேற கொசு” என்றேன். எத்தனை தெரிந்தவள் மாதிரி சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

இனி தொட்டியின் கதைக்கு வருகிறேன். எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம்தான். அதற்காகப் பின்பக்கத்தில், என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், டைல்ஸ் ஒட்டிய தொட்டி ஒன்று உண்டு. மேலே தகரக் கூரை, பக்கங்களில் தடுப்பு எதுவும் கிடையாது. வழக்கமாக ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் தண்ணீர் பிடிப்போம், ஆராதனை முடிந்ததும் அடைப்பைப் பிடுங்கி விட்டுவிடுவோம். ஆனால் எங்கள் பொருளாளரின் மனைவி, பொருளாளர் அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், பரிசுத்த பூமிக்குச் சுற்றுலா போய் வந்தவர். வரும்போது யோர்தான் நதித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் கொண்டுவந்தார். ஒன்று அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. மற்றதைத் தன் அண்ணன் மகனின் ஞானஸ்நானத்துக்காக எங்கள் தொட்டியில் ஊற்றினார். ஊற்றிய பிறகுதான் சவுதியில் இருக்கும் அந்தப் பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரிந்தது.

அவ்வளவுதான். யோர்தான் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா? அவன் வரும்வரை தொட்டி அப்படியே இருக்கட்டும் என்று ஆனது. சரி, இருக்கட்டும். வெயிலுக்குத் தண்ணீர் வற்றுமே, அதற்கு என்ன செய்வது? பொருளாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், தண்ணி கொறைஞ்சிக்கினே போவுது. உங்க ஊட்டுக் குழாய்ல இருந்து கொஞ்சம் ரொப்பி வெச்சிடுங்க. யோர்தான் தண்ணி காஞ்சிடக் கூடாது.”

சபை மோட்டார் அப்போது ரிப்பேர். நானும் வாராவாரம் முணுமுணுத்துக்கொண்டே சுவருக்கு மேலாக ரப்பர் குழாயைப் போட்டு ரொப்பினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. ஊருக்கெல்லாம் மூடி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தத் தொட்டிக்கு ஒரு மூடி வேண்டும் என்று தோன்றவேயில்லை.

மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியபோது காய்ச்சல் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிற மாதிரி நடுங்கினாள். அப்புறம் வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஒன்றுமேயில்லை. அதற்கு மறுநாள் திரும்பவும் நடுக்கம். பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டு, சீதோஷ்ணம் மாறியதால் இருக்கும் என்றார். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்று சொன்னபோது, என் கைப்பையில் விற்காமல் மீந்த பிரியாணி டோக்கன்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பெருக்கல் குறி போட்ட கொசு. அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து உண்டா என்று கேட்டேன். உடனே பார்த்ததால் மருந்து கேட்கும், ஆனால் பிரசவம் முந்திக்கொள்ளலாம், எடையும் குறையலாம் என்றார் டாக்டர்.

இரண்டாம் நாளே சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் டார்ச் லைட்டும் நீளப் பிடி வைத்த கரண்டியும். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவருக்குப் பாடம் எடுத்தார்கள். சாக்கடைதான் காரணம் என்றார் ஒருவர். லைன் வீட்டில் இருக்கும் வடநாட்டு ஆட்கள் கொண்டுவந்தது என்றார் இன்னொருவர்.

“யாரு கொண்டாந்தா இன்னா? பொறக்கறதுக்குத் தண்ணி இல்லாட்டி கொசு எங்கருந்து வரும்?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் என் வீட்டு மாடித் தொட்டியைப் பார்த்தார். நல்ல மூடி போட்டிருந்தது. அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்தவர், “அது இன்னாக்கா, நீச்சல் குளமா?” என்றார். சபைச் சாவியை எடுத்துக்கொண்டு நானே கூட்டிப் போனேன்.

கரண்டியில் தண்ணீரை மொண்டு டார்ச் அடித்துக் காட்டினார். சின்னச் சின்னப் புழுக்கள், தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டி நெடுக்கப் படுத்திருந்தன. “தலைகீழாத் தொங்குனா வேற கொசு. இப்பிடிப் படுத்துக்கினு இருந்தா மலேரியாக் கொசு. இதுக்குச் சாக்கடை புடிக்காதுக்கா, சுத்தமான தண்ணிதான் கேக்கும்.”

வாராவாரம் ரொப்பிக்கொண்டிருந்தேனே, அந்தச் சுத்தமான தண்ணீர்தான் அது.

சத்தம் கேட்டுப் பாஸ்டர் வந்தார். பொருளாளர் அம்மாவுக்கு யாரோ போன் போட, அவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார். தொட்டியைக் காலி பண்ண வேண்டும் என்றேன்.

“கமிட்டில வெச்சுப் பேசிட்டு...” என்று இழுத்தார் பாஸ்டர்.

“யோர்தான் தண்ணில புழு வராது சிஸ்டர்” என்றார் பொருளாளர் அம்மா. கரண்டியைக் கண்ணுக்கு நேராக நீட்டிய பிறகும் அதையே சொன்னார்.

“யோர்தானோ பூண்டி ஏரியோ, கொசுவுக்கு இன்னாம்மா தெரியும்?” என்றார் சுகாதாரப் பெண்.

எனக்கு அதற்கு மேல் பொறுமையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிய புடவையோடு தொட்டிக்குள் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். காலால் துழாவி அடைப்பைப் பிடுங்கினேன். “சிஸ்டர்! சிஸ்டர்!” என்று பொருளாளர் அம்மா கத்தினார். கடைசிச் சொட்டு போகிறவரை ஈரப் புடவையோடு உள்ளேயே நின்றேன். அடைப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மகளுக்கு நாளுக்கு முன்பே வலி வந்தது. பெண் பிள்ளை. உள்ளங்கையிலிருந்து முழங்கைவரைதான் இருந்தாள். பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளும் நான் யாரையெல்லாம் மனதுக்குள் திட்டினேன் என்று கணக்கே இல்லை. ஊழியக்காரரை, கமிட்டியை, சவுதிக்காரனை, எல்லோரையும் திட்டி முடித்த பிறகு பார்த்தால், ரப்பர் குழாய் என் கையில்தான் இருந்தது.

பிள்ளை பிழைத்தாள். அவளைச் சபைக்கு எடுத்துப்போன ஞாயிறன்றுதான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நன்றிக் கடிதத்தையும் வாசித்தார்கள். வலைக்குள் உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணியின் படம் வந்திருந்தது. அவளை என்னால் திட்ட முடியவில்லை. அவளாவது நன்றாக இருக்கட்டும்.

பிறகு பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எங்கள் சபையில் யாராவது சாட்சி சொன்னால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லோரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

“என் பொண்ணுக்கு மலேரியா வந்துச்சு.”

“ஸ்தோத்திரம்!”

“அந்தக் கொசு நம்ம சபைத் தொட்டியில பொறந்துச்சு.”

“ஸ்தோத்திரம்!”

“அதுக்கு வாராவாரம் தண்ணி ரொப்புனது நானு.”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை, முன்னைவிடச் சத்தமாக. மூன்றாவது வரிசையில் பொருளாளர் அம்மா மட்டும் வாய் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். தோளில் கிடந்த பேத்தி அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு அழ ஆரம்பித்தாள்.