தையல்காரன் வைத்த ஜன்னல்

செங்கம் ரோட்டில் என் கடைக்கு வராத மேஸ்திரி கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கைவண்டியில் ஊராருக்குக் கல் இழுத்தேன். பிறகு சொந்தமாகக் கடப்பா கல் கடை வைத்தேன், மொட்டை மாடியோடு வீடு கட்டினேன். ராஜமாணிக்கம் என்றால் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரன்கூட வழி சொல்வான். என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது தனிப் புத்தகம் ஆகும். அதனால் இங்கே பக்கத்து வீட்டு முருகவேலைப் பற்றி எழுதுகிறேன். அவனைப் பற்றிச் சொல்ல ஒரு ஜன்னல் போதும்.

முருகவேல் அடி அண்ணாமலையில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் பிறந்தவன். ஏர் பிடிக்கச் சொன்னால் கை வலிக்கிறது என்பான். ஊசி கொடுத்தால் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிரமாட்டான். தையல் கற்றுக்கொண்டு, ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம் எங்கள் தெருவில் அவன் தாத்தா வாங்கிப் போட்ட ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தான். முன் அறையில் மிஷினைப் போட்டான். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள பேண்ட் தைப்பதுதான் பெரிய வரும்படி. அந்தப் பேண்டுக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். ஆனாலும் தையலில் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. அவன் எதையும் அளக்காமல் விடமாட்டான். குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். சந்தையில் பூசணிக்காய் வாங்கினால் அதற்கு இடுப்பளவு எடுப்பான். மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நீளம் பார்த்தான் என்று அவன் மனைவி அருணாதேவி சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

அருணாதேவி செங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். அந்த முறையில் முருகவேல் எனக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யாத மாமனார் எதற்கு? ஆக, நான் என் கடமையைச் செய்துவந்தேன்.

பகலெல்லாம் குழந்தை கவிநிலா அவன் பொறுப்பு. வீட்டு ரிப்பேரும் அவன் பொறுப்பு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதைத் தெருவே பார்த்தது. ஒருநாள் குழாய்க்கு வாஷர் மாற்ற உட்கார்ந்தான். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தேடினால், அதைக் கவிநிலா கால் விரலில் மெட்டிபோல மாட்டியிருந்தாள். அது கழலவில்லை. விளக்கெண்ணெய் போட்டு, பாட்டுப் பாடி, கூத்துக் காட்டி அதை எடுப்பதற்குள் குழாய்த் தண்ணீர் முன் அறைக்குப் போய், வெட்டி வைத்திருந்த பேண்டெல்லாம் மிதந்தது.

“மாப்ள, தெப்பம் விட்டுட்டியா?” என்று கேட்டேன்.

“சிரிங்க மாமா, சிரிங்க. உங்க வீட்டு வாஷரும் ஒருநாள் போவும்” என்றான்.

அருணாதேவிக்கு ஒரு மனக்குறை இருந்தது. எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் விளக்கு ஏற்றுவோம். அந்தத் தீபம் அப்புறம் பல நாள் எரியத்தான் எரியும். ஆனாலும் ஏறுகிற அந்த நொடியைப் பார்க்கவில்லை என்றால் மலையடியில் குடியிருந்து என்ன பயன்? கவிநிலா பிறந்த வருஷம் அருணாதேவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அடுத்த வருஷம் என் மொட்டை மாடிக்கு வந்தாள். போளூர், ஆரணி, வேலூர் என்று என் சொந்தக்காரர்கள் எல்லாம் மாடியில் கூடியிருந்தார்கள். பேர் சம்பாதித்தவன் வீடு என்றால் அப்படித்தான். எவனோ கொளுத்திய வெடிக்குக் குழந்தை வீறிட்டது. தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள், முருகவேலும் பின்னாலேயே ஓடினான். பாதிப் படியில் இருக்கும்போது மேலே “அரோகரா” என்று சத்தம் கேட்டது.

“ஊர் உலகமெல்லாம் தீபத்தைப் பார்த்துச்சு பெரியப்பா. நான் உங்க படிக்கட்டைப் பார்த்தேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

முருகவேல் அங்கேயே வாக்குக் கொடுத்தான். “அடுத்த வருஷம் நீ யார் மாடிக்கும் போவ வேணாம். சமையல்கட்டுல நின்னுகினே பார்ப்ப. வடக்குச் சுவத்துல ஜன்னல் வைக்கிறேன்.”

யார் மாடி என்று அவன் சொன்னது என் மாடியைத்தான். பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

அந்த அடுத்த வருஷமும் வந்தது, தொண்ணூற்றெட்டு. ஓடு மாற்றுவது, கதவுக்குக் கீல் போடுவது, கவிநிலா கழற்றியதைத் திரும்பப் பூட்டுவது என்று கார்த்திகையே பிறந்துவிட்டது. தீபத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் சாமி கிடைத்தாலும் கொத்தனார் கிடைக்கமாட்டான். லாட்ஜுகளுக்கு வெள்ளையடிக்கப் போயிருப்பான். பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் பெண்டாட்டியோடு கடை போட்டிருப்பான். முருகவேல் தானே உளி எடுத்தான். யோசனைக்கு என்னிடம் வந்தான். வேறு யாரிடம் போவான்?

“முதல்ல மேல கல்லை ஏத்து. அப்புறம் கீழ ஓட்டை போடு. மாத்திச் செஞ்சா சுவரு உன் தலைமேல உக்காரும். கல்லை வெளியே ஒரு முழம் நீட்டி வையி, அதுவே மழைக்கும் ஆச்சு” என்று சொல்லி, கடையிலேயே நல்ல கறுப்புக் கடப்பா கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

“எந்த உயரத்துல ஏத்தறது மாமா?”

“மலை தெரியற உயரத்துல ஏத்துடா.”

“அது எனக்குத் தெரியாதா? பொறந்ததிலேர்ந்து அதைத்தானே பார்க்கறேன்.”

அந்த வாரம் மலை இருந்த இடத்தில் மலையே இல்லை. அப்படி ஒரு மழை. மேகம் அடிவாரம்வரை இறங்கிப் போர்த்திக்கொண்டிருந்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் மேகம் விலகட்டும் என்று காத்திருப்பான். எங்கள் ஊர்க்காரன் மலை எங்கே என்று பார்த்துவிட்டா வேலை செய்வான்? முருகவேல் அருணாதேவியைச் சுவரோரம் நிற்கவைத்தான். தையல் சாக்பீஸால் அவள் தலைக்கு மேலே நாலு விரல் விட்டுக் கோடு போட்டான். அந்தக் கோட்டில் கல் ஏறியது. சட்டைக்கு அளவெடுப்பதுபோலப் பெண்டாட்டிக்கு அளவெடுத்தான். மலைக்கு எடுக்கவில்லை.

பிறகு உளி வேலை. கவிநிலா கொத்துக்கரண்டியை ஒளிப்பாள், சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுவாள், சிமெண்டில் தண்ணீருக்குப் பதில் மோர் ஊற்றுவாள். அவள் தூங்கினால்தான் வேலை நடக்கும். சமையல்கட்டு உத்திரத்திலேயே தூளி கட்டினான். தூளியில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை அவன் கால் கட்டைவிரலில். கை சுவரை இடிக்கும், கால் பிள்ளையை ஆட்டும். இரண்டே நாளில் குழந்தைக்கு உளிச் சத்தம் தாலாட்டு ஆகிவிட்டது. அதுவரை சரிதான். சத்தம் நின்றால் விழித்துக்கொள்ள ஆரம்பித்தாள் பாருங்கள், அங்கேதான் வம்பு. ஜன்னல் இடுப்பு உயரத்தில் முடியவேண்டியது. மகள் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று ஒரு வரிசை செங்கல்லைத் தட்டினான். அப்புறம் இன்னொரு வரிசை. வேலை முடிந்தபோது ஜன்னல் முழங்காலுக்கு வந்திருந்தது.

சாயங்காலம் அருணாதேவி பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று பார்த்தாள்.

“ஏங்க, நான் ஜன்னல்தானே கேட்டேன்? வாசப்படி வச்சிருக்கீங்க?”

“பாப்பா எழுந்துக்கப் போவுதேன்னு தட்டினேன்.”

“நல்லவேளை, இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்கலை. கிணறு வந்திருக்கும்.”

கவிநிலாவுக்கு மட்டும் அந்த உயரம் பிடித்துப்போனது. கத்தரிக்கோல், டம்ளர், ஒரு பேண்டின் ஒற்றைக்கால் எல்லாம் அந்த வழியாகச் சாக்கடைக்குப் போயின. அவசரமாகக் கம்பி வைத்து அடைத்தான்.

தீபத்துக்கு முந்தின நாள் காலையில்தான் வெயில் அடித்தது. மேகம் விலகியது. என்னையும் கூப்பிட்டான், வேலையைக் காட்டி மெச்சிக்கொள்ள. அருணாதேவி அடுப்புப் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“இடுப்பு தெரியுதுங்க” என்றாள்.

“மேல பாரு.”

“மேல பெரியப்பா கல்லுதான் தெரியுது.”

அவன் ஓடிப்போய் நின்று பார்த்தான். நானும் பார்த்தேன். மலை வயிறுவரை இருந்தது. உச்சி கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

“கொஞ்சம் குனிஞ்சு, கழுத்தை இப்படித் திருப்பினா தெரியுது அருணா.”

“சாமியை ஒளிஞ்சு எட்டிப் பார்க்க நான் இன்னா திருடியா? நின்னுகினே பார்ப்பன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் திட்டினால் அவனுக்குப் பழக்கம் உண்டு. பேசாமல் அரிசி களைந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு கல்லை இறக்கப் போனான்.

“கல்லைத் தொட்டா ஈரச் சுவரு, மொத்தமா வந்துடும். நாளைக்கு ஜன்னல் வழியா இல்ல, சுவரே இல்லாம தீபம் பார்க்கலாம்” என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டேன். கவிநிலா கம்பிப் பக்கத்தில் நின்று, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். காக்காய் பார்க்கிறாள் என்று நினைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் என் மாடியில் நிற்க இடமில்லை. என் மனைவி எல்லம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணைப் போய் கூட்டினு வாங்க. இந்த வருஷமும் அது பார்க்கலைன்னா உங்களுக்கும் இங்க இடம் கிடையாது.”

நான் கட்டிய மாடியிலிருந்து என்னையே இறக்கினாள். போனேன்.

முருகவேல் சமையல்கட்டு மூலையில் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். அருணாதேவி தரையில் உட்கார்ந்து அகல் விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிநிலா, வாயெல்லாம் பொரி உருண்டை.

“எழுந்து வாம்மா, நேரம் ஆவுது. உனக்குன்னு முன்னாடி இடம் பிடிச்சு வச்சிருக்குது” என்றேன்.

“வேணாம் பெரியப்பா. வெடிச் சத்தத்துக்கு இவ மறுபடியும் அழுவா. மறுபடியும் நான் படியில நிப்பேன். நீங்க போய்ப் பாருங்க, சத்தம் கேட்டதும் நான் விளக்கு ஏத்திக்கிறேன்.”

“நான் வேணும்னா பாப்பாவை வச்சிக்கிறேன், நீ போ அருணா” என்றான் முருகவேல்.

“ரெண்டு வருஷமா நீங்களும்தான் பார்க்கலை” என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

தெருவில் சத்தம் அடங்கியது. அந்த அடங்கல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கும் நேரம். இனி நான் ஓடினாலும் மாடி ஏற முடியாது. எனக்கும் அந்த வருஷம் போயிற்று என்று நினைத்தேன். கவிநிலா கையில் இருந்த உருண்டையைப் போட்டுவிட்டு ஜன்னலைக் காட்டிக் கைதட்டினாள். அருணாதேவி எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

கண் ஜன்னலிலேயே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள், “ஏங்க. உக்காருங்க.”

“இன்னா?”

“உக்காருங்கன்றேன்.”

அவன் உட்கார்ந்தான். எனக்கு முட்டிவலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். கறுப்புக் கல்லின் விளிம்புக்குக் கீழே மலை உச்சி முழுசாக இருந்தது. அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது. ஊர் முழுக்க “அரோகரா” என்று கேட்டது. வெடி வெடித்தது. கவிநிலா திரும்பிப் பார்த்தாள், சுத்தியல் சத்தமாக இருக்கும் என்று முடிவுசெய்து அம்மா மடியில் சாய்ந்துகொண்டாள்.

அருணாதேவி கை கூப்பவே மறந்துபோனாள். கிண்ணம் கையில் இருந்தது. முருகவேல் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனுக்குத் தைரியம் திரும்பியது. எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டபடியே கேட்டான், “அளவு எப்படி மாமா?”

“அளவு பிரமாதம். ஆனா அது நீ எடுத்தது இல்ல. உன் பொண்ணு தூங்கித் தூங்கி எடுத்தது.”

“உளி பிடிச்சது யாரு?”

“கல்லு குடுத்தது யாரு?”

“ரெண்டு பேரும் அப்புறமா பங்கு பிரிச்சிக்குங்க. வழியை விடுங்க” என்றாள் அருணாதேவி. முதல் அகலை ஏற்றிக் கவிநிலா கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் திண்டு குழந்தையின் உயரத்துக்குத்தான் இருந்தது. எட்ட வேண்டியிருக்கவில்லை. வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் தூறல் போட்டது. தெரு வாசல்களில் வைத்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த ஜன்னலில் இருந்தது அணையவில்லை. அதற்கு மேலே என் கல் இருந்தது.