அல்வா வருவதற்கு முன்

கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால் நான் சொல்வது ஒன்றுதான். இளம்பிள்ளைகள் கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் உட்கார வேண்டும், அந்த நாற்காலிகள் ஒன்றும் நரைத்த தலைகளுக்கு நேர்ந்துவிட்டவை அல்ல என்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே எனக்கு மட்டும் ஒரு குரல் கேட்கும். "எனக்குச் சம்மதம் இல்லைன்னு எழுதிக்கிடுங்க." செத்துப்போனவள் குரல் இல்லை அது. அவள் பெங்களூரில் நன்றாகத்தான் இருக்கிறாள். உயிரோடு இருப்பவர்களும் இப்படி வந்து நிற்பார்கள் என்று முன்பெல்லாம் எனக்குத் தெரியாது.

அம்பாசமுத்திரம் போகிற பாதையில் எங்களுக்கு ஒரு நெல் ஆலை உண்டு. எங்களுக்கு என்றால் நாற்பது ஐம்பது குடும்பங்களுக்கு. அப்பாவின் பங்கு என் பேருக்கு வந்ததால், பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான் இயக்குநர் ஆனேன். குழுவில் ஏழு பேர். ஏழு பேருக்கும் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. அதில் ஒருவர் காலமானதும், அந்த இடத்துக்கு இளம்பிள்ளை ஒன்றைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்.

எங்கள் கூட்டங்களுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. தீர்மானங்கள் முந்தின நாளே டைப் அடித்து வந்துவிடும். ஒவ்வொன்றின் கடைசியிலும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று இருக்கும். தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்; ஆனால் நாங்கள் எல்லோரும் போடுவோம். ஒருவர் விட்டுப்போனால், கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போன மாதிரி மனத்தாங்கல் ஆகிவிடும். பேச்சு கொஞ்சம் நீண்டால் தலைவர் அண்ணாச்சி கதவைப் பார்த்துத் தலையசைப்பார். டவுணிலிருந்து வாங்கி வைத்திருக்கும் அல்வா, இலைத்துண்டில் சூடாக வரும். அல்வா வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினவரும் இல்லை.

நான் பிடித்து வந்தவள் என்னிடம் படித்த பிள்ளை. மெக்கானிக்கல் முடித்துக் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பியிருந்தாள். "வேண்டாம் டீச்சர், அங்கன எல்லாரும் பெரியவங்க, நான் போய் என்ன பேச?" என்றாள். நான் விடவில்லை. மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன். "நீ தைரியமாப் பேசு. நான் பக்கத்துல இருக்கேன்லா" என்றேன். இதைச் சொன்னது நான்தான் என்பதை மறக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

முதல் கூட்டத்தில் நெல் அவிக்கும் பாய்லரின் பராமரிப்பை அறுவடை முடியும்வரை தள்ளிவைக்க ஒரு தீர்மானம் வந்தது. அவள் இரண்டு நாள் முன்பே ஆலைக்குப் போய்ப் பாய்லரைப் பார்த்திருக்கிறாள். அத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"ஆவி மிஞ்சுனா தானாத் தெறக்க வேண்டிய வால்வக் கம்பியப் போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. அடிக்கடி தெறந்து ஆவி வீணாப் போகுதாம். ஒரு வாரம் நிறுத்துனா சரிபண்ணிரலாம்" என்றாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. பரிவாகத்தான் பேசினார். "பிசான அறுப்பும்மா, நெல்லு வந்து குவியுத நேரம். ஒரு வாரம் நிறுத்துனா அவ்வளவையும் எங்கன கொண்டுபோய் வைக்க? அறுப்பு முடியட்டும், பைய பாத்துக்கிடலாம்."

"அப்போ எனக்குச் சம்மதம் இல்லைன்னு எழுதிக்கிடுங்க."

"இங்கன அப்படி எழுதுன வழக்கம் இல்லையேம்மா" என்ற தலைவர் கதவைப் பார்த்தார். அல்வா வந்தது. நான் அவள் பக்கம் சாய்ந்து, "முதக் கூட்டம்லாம்மா. இப்போ கையெழுத்தப் போட்டுரு. அடுத்த கூட்டத்துல நாம பேசிக்கிடுவோம்" என்றேன். அவள் போட்டாள். பேனா என்னுடையது.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே பாய்லர் வெடித்தது. பக்கத்துக் களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மேல் ஆவி அடித்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டு, ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தவர் அவர். கடிதம் வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாசலைக் கூட்டிவிட்டுப் போனார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி தீர்மான நோட்டைத் திறந்தார். ஏழு கையெழுத்து. "ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையா?" என்று கேட்டார். "நான் சொன்னேன்" என்றாள் அவள். "எழுத்துல இல்லையேம்மா." அப்போது நான் வாயைத் திறந்தேன். அவள் சொன்னது உண்மை, கையெழுத்துப் போட வைத்தது நான் என்றேன். அதையும் அவர் குறித்துக்கொண்டார். நோட்டில் இருந்த மை அதனால் அழிந்துவிடவில்லை. அடுத்த வாரம் அவள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போனாள். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணினால் எடுத்து, "நல்லாருக்கேன் டீச்சர்" என்பாள். குரலில் கோபமே இருக்காது. திட்டித் தொலைத்தாளானால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இப்போதெல்லாம் எனக்கு மூச்சு வருகிறது. விசில் வரத் தாமதமாகும் அந்த ஒன்றிரண்டு நிமிஷம்தான் பயம். அடுப்பை அணைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி நிற்பேன். அரைவேக்காட்டுச் சோறு தின்று பழகிவிட்டது.

இந்த வருஷம் குழுவில் மறுபடியும் ஓர் இடம் காலி. பாய்லர் புதிது, தலைவர் அதே அண்ணாச்சி, அல்வாவும் அதே அல்வா. ஆழ்வார்குறிச்சியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பாவின் பங்கு வந்திருந்தது. வயது முப்பதுகூட இருக்காது. அவளைப் பார்க்கப் போனேன். எடுத்த எடுப்பில், "முன்ன நீங்க கூட்டிட்டு வந்தவங்க ஏன் போய்ட்டாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். வால்வு, அல்வா, கையெழுத்து, இறந்தவர், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள், "சம்மதம் இல்லன்னு சொல்லிட்டு அவங்க யாரப் பாத்தாங்க டீச்சர்?" என்றாள்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதிகாரியிடமும் சொல்லவில்லை.

"என்னத்தான் பாத்தா."

"நீங்க?"

"அல்வா வந்துட்டு. குனிஞ்சு அல்வாவப் பாத்தேன்."

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் வாரேன். ஆனா நான் பாக்கும்போது நீங்க குனியக் கூடாது."

சரி என்று சொல்ல வாய் வந்தது. போன தடவையும் இப்படித்தான் சட்டென்று வாக்குக் கொடுத்தேன். அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்து அவள் முகமே மங்கலாகிவிட்டது. ஆனாலும் நான் குனியவில்லை.