அரக்கனுக்குச் சோறு வைத்தவர்

ஓசூர் பஸ் நிலையத்தில் கண்டக்டர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. “உங்க முனிரத்தினம் வாத்தியார் போயிட்டாருங்க. திங்கட்கிழமையே எடுத்துட்டாங்க.” அவரோடு வேலை பார்த்த உங்களில் ஒருவருக்குக்கூட எனக்கு ஆள் அனுப்பத் தோன்றவில்லை. அதை நான் மறக்கப்போவதில்லை.

கெலமங்கலம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு அவருக்கு, நான்காம் வகுப்பு எனக்கு. நடுவில் ஒரு தட்டிதான். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள். தமிழில் கட்டுரை என்றாலே நடுங்குவார்கள். அவர்களைக் கதையில் வரும் கெட்டவர்களைப் பற்றி ஐந்து வரிப் பாட்டு எழுதவைத்தார். முதல் வரி பெயர். அடுத்து தோற்றம், செய்யும் கெடுதல், அவன் பயப்படுவது. ஐந்தாவது வரியில், வீட்டில் அவனுக்கு யார் சோறு எடுத்து வைக்கிறார்கள் என்று சொல்லவேண்டும்.

“நல்லவனைப் பத்தி எழுதச் சொன்னா எல்லாம் ஒண்ணுபோல எழுதுதுங்க சார். கெட்டவன்னா ஆளாளுக்கு வாய் தெறக்குது” என்பார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று லட்சுமம்மா என்ற பெண் எழுந்து படித்தாள்.

“குகை அரக்கன்.
கோரைப் பல், சிவந்த கண்.
ஊர் ஆடெல்லாம் தின்பான்.
விடிந்தால் பயப்படுவான்.
அவன் அக்கா களியை மூடி வைத்திருக்கிறாள்.”

“அரக்கன் களி தின்பானா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆடு கெடைக்காத அன்னிக்குத் தின்பானுங்க சார்.”

வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அரக்கன்மேல் பாசம் ஊட்டுகிறார் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். முனிரத்தினத்தை வேப்பனப்பள்ளிக்கு மாற்றினார்கள். ஐந்தாம் வகுப்பு பழையபடி பார்த்தெழுதப் போனது.

அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது ஹெட்மாஸ்டரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“நாலு வரி சரியாச் சொல்லிட்டீங்க சார். அஞ்சாவது?”

“அந்த ஆளுக்கு எவள் சோறு வைப்பாள்?”

“யாருமில்லைங்க. அவரே ஆக்கி, படுத்த படுக்கையா கெடக்கிற சம்சாரத்துக்கு ஊட்டிட்டு வர்றாரு. அதான் தெனம் லேட்டு.”

எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. தன் வேலைக்காக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனிதர், எதிரிக்காக வாதாடுகிறாரே! பஸ் கிளம்பும்போது நான் கை காட்டவில்லை.

அதன்பின் தட்டிக்கு அப்பால் வேறொருவர் வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்தார். பகல் உணவைத் தனியாகவே சாப்பிட்டேன். மாம்பழக் காலம் வந்தால் வேப்பனப்பள்ளியிலிருந்து முனிரத்தினம், “வாங்க சார், தோப்புல உக்காந்து சண்டை போடலாம்” என்று சொல்லி அனுப்புவார். முதலில் அவர் வரட்டும் என்று இருந்தேன். இப்போது சண்டை போடத் தகுந்த ஆள் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஹெட்மாஸ்டரை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. ஆனால் யாரையாவது மும்முரமாகத் திட்டும்போது, இந்த ஆள் சாப்பிட்டிருப்பானா என்ற நினைப்பு குறுக்கே வந்து நிற்கிறது. அது என் குணமல்ல, முனிரத்தினம் விட்டுப்போனது. கோபத்தை ஆற்றும் பலம் அதற்கு இல்லை. வாய் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.