எல்லாரும் ஜெயிக்கிற பீரியடு

ஒருத்தரை ஒருத்தர் தோற்கடிக்கப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோற்கடிக்காமல் விளையாடச் சொல்லித்தரத்தான் எங்களுக்குச் சம்பளம். மூன்றாம் வகுப்பை ஒரே வரிசையில் நிற்க வைத்துப் பார்த்த புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, இது உங்களுக்காக.

பீன்ஸ் விதை

எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக விளையாட்டு டீச்சர். தகுதி: ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு, முழங்கால் வலி இல்லாமை. தேவிகுளத்தில் பயிற்சி என்றதும் மற்ற டீச்சர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் முழங்கால் வலி வந்துவிட்டது. அதனால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போனேன். கூடி விளையாடும் விளையாட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்தேன். ஜெயித்தால் எல்லாரும் சேர்ந்து ஜெயிக்க வேண்டும், தோற்றால் எல்லாரும் சேர்ந்து தோற்க வேண்டும்.

ஹெட்மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. கோட்டயம் பக்கத்துக்காரர், மண் சும்மா கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மைதானத்தில் பீன்ஸ் போட்டுப் பிள்ளைகளைக் களை பிடுங்க விட்டால் அதுவும் உடற்பயிற்சிதானே என்பது அவர் கட்சி. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற ஆபீசர் பார்த்துத் திருப்திப்பட்டால் பீரியடு இருக்கும், நானும் இருப்பேன். இல்லையென்றால் பீன்ஸ் இருக்கும். விதையை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார். விளையாட்டுக்கு மைதானத்தில் எல்லை கட்டக் கயிறு கேட்டேன். தாராளமாக எடுத்துக் கொடுத்தார். "அறுத்துடாதே டீச்சரே. பின்னே பந்தல் கட்ட வேணும்."

கரையில் ஒருத்தி

முதலில் ஆற்று விளையாட்டு. மைதானம்தான் ஆறு. மதிய உப்புமாவுக்கு அமெரிக்க ரவை வந்த சாக்குகள்தான் பாறை. பின்னால் கிடக்கும் சாக்கை எடுத்து முன்னால் போட்டு, அதன்மேல் நெருக்கி நின்று, கைபிடித்துக் கடக்க வேண்டும். ஒரு ஆள் தண்ணீரில் நின்றாலும் யாரும் கரை சேர்ந்ததாகக் கணக்கில்லை. திரும்பிப் போய்க் கூட்டி வர வேண்டும்.

விசில் ஊதினேன். எல்லாரும் இறங்கினார்கள், செல்வி மட்டும் இறங்கவில்லை. கக்கத்தில் குடைக்குப் பதில் ஒரு குச்சியை இடுக்கிக்கொண்டு, வாய் ஓயாமல் மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். தேயிலைக் காட்டில் அவள் அம்மாவை மேய்க்கிற கங்காணி அச்சு அசலாக அப்படித்தான் நிற்பார். நீ ஏன் கடக்கவில்லை என்று கேட்டேன். "நான் கங்காணி டீச்சர். நானும் எறங்கிட்டா அப்புறம் யாரு ஏசுறது?"

என்னா புண்ணியம்

மறுநாள் சாயங்காலம் செல்வியின் அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நின்றாள். விளையாட்டில் யார் ஜெயித்தது என்று மகள் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். தோற்றுவிட்டு மறைக்கிறாளோ என்று சந்தேகம். எல்லாருமே ஜெயித்தார்கள் என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது, பிறகு யோசித்துப் பார்த்துச் சுருங்கியது. எதிர் லயத்து வீட்டுப் பிள்ளையுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதுவும் ஜெயிச்சிருச்சுன்னா எம்மக ஜெயிச்சு என்னா புண்ணியம் டீச்சர்?"

வீட்டுப் பாடம்

பள்ளிக்கூடத்தில் பலித்தால் வீட்டிலும் பலிக்கும் என்று நம்பினேன். (சிரிக்காதீர்கள்.) ஒருத்தர் குழந்தையைக் குளிப்பாட்டினால் இன்னொருத்தர் துணி அலசலாம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கரை ஏறலாம் என்று என் வீட்டுக்காரருக்கு விதிகளை விளக்கினேன். டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் பொறுமையாகக் கேட்டார். நல்ல விளையாட்டு என்று பாராட்டவும் செய்தார். "நீ எறங்கு, நான் கரையில நின்னு உற்சாகப்படுத்துதேன்."

நட்டநடு ஆற்றில்

ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கியபோது மழை விட்டு மைதானம் சேறாகிக் கிடந்தது. ஹெட்மாஸ்டர் மரியாதையாக நாற்காலியைக் கொண்டுபோய் மைதானத்தின் நடுவில் போட்டு, அவரை உட்கார வைத்து, மழை இல்லாவிட்டாலும் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். நீங்கள் இரண்டு பேரும் முங்கிவிட்டீர்கள் சார் என்று தற்காலிக டீச்சர் எப்படிச் சொல்வது?

பிள்ளைகள் கடந்தார்கள். நடந்துகொண்டே ஏசலாம் என்று ஒப்பந்தம் செய்திருந்ததால் செல்வியும் கடந்தாள். விசில் ஊதினேன். ஒருவரும் கைதட்டவில்லை. எல்லாரும் திரும்பி ஆற்றைப் பார்த்தார்கள், பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கண்முன்னால் பீன்ஸ் பூத்தது.

செல்வி ஆபீசரின் காலடியில் சாக்கைப் போட்டு, ஷூக்காலை ஒதுக்கி வைக்கச் சொன்னாள். இன்னொரு ஆள் நிற்க வேண்டுமாம். அவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். என்ன நினைத்தாரோ, எழுந்து இரண்டு கையையும் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒரு தடவை வழுக்கினார். அத்தனை பேரும் சேர்ந்து முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். ஹெட்மாஸ்டரையும் கூப்பிட்டார்கள். வேட்டி சேறாகும், நான் இங்கேயே நின்று குடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

கரை ஏறிய ஆபீசருக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. இந்தப் பீரியடை நிறுத்தக் கூடாது என்று ஹெட்மாஸ்டருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பிறகு குனிந்து, யார் ஜெயித்தது என்று செல்வியிடம் கேட்டார். அவள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றின் நடுவைப் பார்த்தாள். "இன்னும் யாரும் ஜெயிக்கல சார். ஹெட்மாஸ்டர் தண்ணியிலதான நிக்காரு."

ஆக, எல்லாரும் ஜெயிக்கிற விளையாட்டில் கடைசியில் தோற்றது பீன்ஸ் மட்டும்தான்.